பதினேழாவது அழைப்பு

என் மனைவி காணாமல் போன நேரத்தில், நான் உயிரோடு இருப்பதை நிரூபித்துக்கொண்டிருந்தேன். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கருவூலத்துக்குப் போய், இன்னும் சாகவில்லை என்று நேரில் காட்ட வேண்டும். நேர்காணல் என்று அதற்கு மரியாதையான பெயர். இப்போது வீட்டில் உட்கார்ந்தே விரலை வைத்து முடித்துவிடலாம், தபால்காரரே கருவியோடு வந்துவிடுகிறார். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. முப்பத்து நான்கு வருடம் வருவாய்த் துறையில் இருந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். என் கண் முன்னால் முத்திரை விழாத எதையும் நடந்ததாகக் கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை.

அவளுக்கு இரண்டு வருடமாக மறதி நோய். வீட்டில் தனியாக விட முடியாது. கூட்டிக்கொண்டு போய் வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, "இங்கயே இரு, கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேன்" என்றேன். "சரிங்க" என்றாள். அந்தச் 'சரி'யை நான் வாக்குமூலம்போல எடுத்துக்கொண்டேன். எனக்கு முன்னால் பதினோரு பேர் நின்றார்கள். முடித்து வந்தபோது அந்தப் பெஞ்சில் வேறொரு பெரியவர் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தார்.

"இங்க ஒரு அம்மா இருந்தாங்களே?"

"நான் வரும்போது காலியாத்தாங்க இருந்துச்சி."

டீக்கடைக்காரர் ஒருவர், பச்சைச் சேலை கட்டிய அம்மாள் பேருந்து நிலையத்துப் பக்கம் நடந்து போனதைப் பார்த்திருந்தார். அதற்கு மேல் தடயம் இல்லை. நகரப் பேருந்திலும் மலைக்குப் போகும் பேருந்திலும் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. சில்லறை எண்ணித் தர வேண்டியதில்லை, ஏறி உட்கார்ந்தால் போதும். நல்ல திட்டம். கையில் ஒரு ரூபாய்கூட இல்லாத, தன் ஊர் எதுவென்று தெரியாத ஒருத்தியைக்கூட அது எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய்விடும்.

நோய் வருவதற்கு முன்னால் அவள் என்னைவிடச் சந்தேகக்காரி. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரைக் கதவுக்கு வெளியே நிறுத்தித்தான் பேசுவாள். நோய் அவளிடமிருந்து முதலில் எடுத்துக்கொண்டது அந்தச் சந்தேகத்தைத்தான். பெயர்கள் போனது பிறகு. கடைசி ஒரு வருடம் யார் சிரித்தாலும் சிரித்தாள், யார் கையை நீட்டினாலும் பிடித்துக்கொண்டாள். வீட்டில் சந்தேகப்படும் வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது. நான் அதைக் குறைவில்லாமல் செய்தேன்.

புகார் கொடுத்தேன், ரசீது வாங்கினேன். காணவில்லை நோட்டீஸை நானே எழுதினேன். வயது, உயரம், மாநிறம், பச்சைச் சேலை, மெதுவாக நடப்பார், பெயர் சொல்லத் தெரியாது. கள்ளக்குறிச்சியிலிருந்து ரிஷிவந்தியம், உளுந்தூர்ப்பேட்டை வரைக்கும், மலைப்பக்கம் வெள்ளிமலை வரைக்கும் ஒட்ட ஏற்பாடு செய்தேன். ஒன்றை மட்டும் வேண்டுமென்றே எழுதவில்லை. அவளுடைய இடது முன்கையில் ஒரு தீத்தழும்பு உண்டு. கல்யாணமான புதிதில் கஞ்சி வடிக்கும்போது பட்டது. உண்மையாகப் பார்த்தவன் யார், நோட்டீஸைப் படித்துவிட்டுப் பேசுகிறவன் யார் என்று பிரித்தெடுக்க அது எனக்கு வேண்டியிருந்தது. செத்துப்போனவருக்கு இல்லாத மகனாக வந்து வாரிசுச் சான்று கேட்டவர்களை விசாரித்து விசாரித்து நானே கண்டுபிடித்த முறை இது. ஒருமுறையும் தவறியதில்லை.

ஒரு நீளமான நோட்டு வாங்கிக் கட்டம் போட்டேன். வரிசை எண், பேசியவர், ஊர், சேலை நிறம், தழும்பு, முடிவு. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த என் மகள் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது அம்மாவைத் தேடற மாதிரி இல்ல, யாருக்கோ பரீட்சை வைக்கிற மாதிரி இருக்கு" என்றாள். அதுவும் ஒரு வேலைதான் என்றேன்.

அழைப்புகள் வந்தன. முதலில் வந்தவன் என் மனைவி பக்கத்தில்தான் இருப்பதாகவும் பாட்டுப் பாடுவதாகவும் சொன்னான். பின்னால் நான்கைந்து பேர் சிரிப்பது கேட்டது. ஒருவர் சோதிடர். அவள் தெற்குத் திசையில், தண்ணீர் உள்ள இடத்தில் நலமாக இருப்பதாகச் சொன்னார். அந்தக் கணக்கில் கன்னியாகுமரி வரை பார்க்கலாம். ஒருவன் அவளை வேனில் ஏற்றிவிட்டேன், டீசலுக்கு அனுப்புங்கள் என்றான். தழும்பைக் கேட்டதும் வைத்துவிட்டான். பதினைந்து அழைப்புகளுக்கு என் முறை பொய்க்கவில்லை. எனக்குள் ஒரு திருப்தி இருந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மனைவி தொலைந்து ஒரு வாரமான மனிதனுக்கு வரக்கூடாத திருப்தி.

எட்டாம் நாள் காலை பதினாறாவது அழைப்பு திருநாவலூரிலிருந்து வந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் செயலராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"மேற்படி அம்மையாரைச் சிவன் கோயில் பிராகாரத்துல நேத்தும் பார்த்தேன், இன்னைக்கும் பார்த்தேன். பச்சைச் சேலைதான். வயசும் பொருந்துது. கையில தழும்பு இருக்கான்னு உறுதியாச் சொல்ல இயலவில்லை. கிட்டப் போய்ப் பார்ப்பது முறையில்லை பாருங்க."

'இயலவில்லை' என்ற சொல்லிலேயே நான் பாதி நம்பிவிட்டேன். 'முறையில்லை'யில் மீதி. தழும்புக் கட்டத்தில் 'சரிபார்க்க வேண்டும்' என்று எழுதிவிட்டு உடனே பேருந்து ஏறினேன். முன்பின் தெரியாத ஒருவரை நம்பி ஓடுகிறேன் என்ற நினைப்பே வரவில்லை. அவர் என்னைப்போலவே பேசினார். அதனால் அவர் அந்நியராகவே தெரியவில்லை.

தியாகதுருகம் தாண்டும்போது பதினேழாவது அழைப்பு வந்தது. காற்றுச் சத்தத்துக்கு நடுவில் ஒரு ஆண் குரல்.

"ஐயாங்களா? வெள்ளிமல சந்தையாண்ட செவுத்துல நோட்டீசு பாத்தங்க. உங்க வூட்டம்மா எங்க வூட்லதாங்க இருக்குது."

"எந்த ஊரு?"

"மலைங்க."

"மலைன்னா எங்க? மலையில எவ்வளவோ ஊர் இருக்கு."

"நீங்க வெள்ளிமல வந்துடுங்க. பஸ்ஸு நிக்கிற எடத்துலயே நில்லுங்க, நான் வந்து இட்டுக்கினு போறன்."

"உன் பேரு?"

"பேரு எதுக்குங்க? நீங்க வாங்க மொதல்ல."

"சரி, அந்த அம்மா என்ன கலர் புடவை கட்டியிருக்காங்க?"

"நீலங்க."

"காணாமப் போனப்ப கட்டியிருந்தது பச்சை."

"அது மழையில நனஞ்சி, முள்ளுல மாட்டிக் கிழிஞ்சி பூட்ச்சிங்க. இது எங்க வூட்டுக்காரி பொடவ."

தப்பான பதிலைச் சொன்னவன் கையோடு ஒரு காரணமும் வைத்திருப்பான். அதுவும் என் அனுபவம்.

"இடது கையில என்ன இருக்கு? பார்த்துச் சொல்லு."

"கையிலயா?" அந்த ஆள் தடுமாறினார். "ஐயா, ஆம்பள நானு. அது கைய காலப் போயி எப்பிடிங்க உத்துப் பாக்கறது? வூட்டுக்காரியக் கேட்டு வந்து சொல்றன்."

"அவகிட்டயே போனைக் குடு."

"வூட்டாண்ட டவரு கெடையாதுங்க. பாற மேல ஏறி நின்னுக்கினு பேசறன்."

"போட்டோ எடுத்து அனுப்பு."

"பட்டன் போனுங்க இது."

"ஆதார் நம்பரைச் சொல்லு."

அவர் குரலைத் தாழ்த்தி, "ஐயா, ஒண்ணே ஒண்ணுங்க. போலீச மட்டும் இட்டுக்கினு வராதீங்க. புண்ணியமாப் போவும் ஒங்களுக்கு" என்றார்.

நான் வைத்துவிட்டேன். மறுபடி இரண்டு முறை அடித்தது. எடுக்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரர், "கடன் குடுக்கிறேன்னு கூப்புடுறானுவளா சார்? எனக்கும் ஓயாம அடிக்கிறானுவ" என்றார். அந்த மாதிரிதான் என்றேன். மடியில் நோட்டை விரித்து எழுதினேன்: பெயர், ஊர் சொல்ல மறுப்பு. சேலை நிறம் தவறு. தழும்பு தெரியாது. காவல் துறை வேண்டாம் என்கிறார். முடிவு, போலி.

இப்போது படித்துப் பார்க்கிறேன். கூட்டுறவுச் சங்கத்துக்காரருக்கும் தழும்பு தெரியாது. கிட்டப் போய்ப் பார்ப்பது முறையில்லை என்று அவர் சொன்னது எனக்குப் பண்பாகப் பட்டது. அதையே ஒரு மலைக்காரர் சொன்னபோது மழுப்பலாகப் பட்டது. அவரிடம் நீங்க என்றேன், இவரிடம் நீ என்றேன். முடிவு அங்கேயே எழுதியாகிவிட்டது. நோட்டில் எழுதியது நகல்தான்.

கல்வராயன் மலைக்கு நான் புதியவனும் அல்ல. சாதிச் சான்று விசாரணைக்காக எத்தனையோ முறை ஜீப்பில் ஏறிப் போயிருக்கிறேன். ஜீப் சத்தம் கேட்டதும் ஆண்கள் மரவள்ளிக் காட்டுக்குள் இறங்கிவிடுவார்கள். பிள்ளையின் படிப்புக்குச் சான்று வேண்டும் என்று மனுப் போட்டவரே, அதைக் கொடுக்க வந்த எங்களைப் பார்த்து ஓடுவார். "எதுக்குய்யா ஓடறீங்க?" என்று கேட்டால், "சும்மாங்க, ஆட்டப் பாக்கப் போனங்க" என்பார்கள். ஜீப்பில் திரும்பும்போது நாங்கள் அதைச் சொல்லிச் சிரிப்போம். சாராயம், மரம் என்று எதையாவது சொல்லி ஆளைப் பிடித்துப்போகும் காக்கிச் சட்டைக்கும் ஜீப்புக்கும் அங்கே என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். போலீஸ் வேண்டாம் என்று ஒரு மலைக்காரர் சொன்னால் அதில் திருட்டுத்தனம் இருக்க வேண்டியதில்லை என்பது அந்தப் பேருந்தில் ஒருவனுக்குத் தெரிந்திருந்தால், அது நானாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

திருநாவலூர்ப் பெரியவர் குடையோடு நிறுத்தத்தில் காத்திருந்தார். கோயிலில் அவர் காட்டிய அம்மாள் பூக்கட்டி விற்கிறவர். வீடு இரண்டு தெரு தள்ளி. நான் விசாரித்ததும், "காணாப் போனது நானா? எங்கூட்டுக்காரரு கேட்டா சந்தோசப்படுவாரு" என்று சிரித்தார். பெரியவர் வெட்கப்பட்டுப் போய், வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டார். வெளியூர்ப் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். நல்ல மனிதர், பொய் எதுவும் சொல்லவில்லை. நான் அங்கே இரண்டாவது முறை ரசம் வாங்கிக்கொண்டிருந்தபோது, மலையில் ஒருவர் பாறையிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் பதினேழாவது அழைப்பின் நம்பரைக் காவல் நிலையத்தில் எழுத்து மூலமாகக் கொடுத்தேன். ஏட்டு நிதானமான ஆள். படித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"சார், மலையாளுங்க இப்பிடித்தான் பயந்து பயந்து பேசுவாங்க. ஸ்டேஷன்லேர்ந்து கூப்ட்டா எடுக்க மாட்டாங்க. நீங்களே ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடுங்களேன். காலையில போனா சாயங்காலம் வந்துடலாம்."

"முறைப்படி நம்பரை விசாரிங்க" என்றேன். "ஆளைக் கடத்தி வச்சிக்கிட்டுப் பேசறவன்கிட்ட நான் தனியாப் போய் நிக்கறதா?"

"கடத்தறதா..." என்று இழுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். ஸ்டேஷன்லேர்ந்து பேசறோம் என்று சொன்னதுதான் தாமதம், இணைப்பு அறுந்தது. மறுபடி போட்டபோது அணைத்துவைக்கப்பட்டிருந்தது. அன்று மாலையும், அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அப்படியே.

"பார்த்தீங்களா?" என்றேன் நான். ஏட்டு என் காகிதத்தை மடித்துக் கோப்பில் செருகினார்.

மகளிடமும் இதைச் சொன்னேன். நம்பரைக் குடுங்கப்பா, நான் பேசிப் பார்க்கறேன் என்றாள். விசாரணையில் இருக்கும் நம்பரில் குறுக்கிடக் கூடாது என்று மறுத்துவிட்டேன்.

நம்பரைக் கொடுத்ததிலிருந்து ஒன்பதாம் நாள் அரசு மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். மலையிலிருந்து ஒரு வயதான பெண்மணியைக் கொண்டுவந்து சேர்த்திருப்பதாகவும், கொண்டுவந்தவர் நோட்டீஸ் காகிதம் ஒன்றைக் கையில் வைத்திருப்பதாகவும் சொன்னார்கள்.

கட்டிலில் நீலச் சேலையில் படுத்திருந்தாள். நுரையீரலில் சளி கட்டி, காய்ச்சலில் நினைவு இல்லை. நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? சேலைத் தலைப்பை ஒதுக்கி இடது கையைத் திருப்பிப் பார்த்தேன். தழும்பு இருந்தது. அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். நாற்பது வருடம் பார்த்த முகம். தலைக்கு எண்ணெய் வைத்து, படிய வாரி, பின்னல் போட்டிருந்தது. என் கையால் அவளுக்கு ஒருநாளும் அவ்வளவு ஒழுங்காகப் பின்னத் தெரிந்ததில்லை.

கொண்டுவந்த ஆள் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். ஊர்க்காரர்கள் மூன்று பேரோடு சேர்ந்து, போர்வையைக் கழியில் கட்டித் தூளியாக்கி, சாலை வரை சுமந்து வந்து வண்டி பிடித்திருக்கிறார். மற்றவர்கள் போய்விட்டார்கள். இவரை மட்டும் போகக் கூடாது என்று ஏட்டு வந்து சொல்லியிருந்தார். இவருடைய நம்பர் ஒரு புகாரில் இருந்தது. எழுதியது நான்.

புகாரைத் திரும்பப் பெறும் மனுவை அங்கேயே நின்று எழுதினேன். அதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. 'தவறான புரிதலின் பேரில்' என்று ஆரம்பித்து ஒன்பது வரி. ஏட்டு வாங்கிக்கொண்டு, "சரி சார்" என்றார். வேறு எதுவும் சொல்லாதது அவருடைய பெருந்தன்மை.

அந்த மனிதரிடம் போய், "ஏன் போலீஸ் வேணாம்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

எழுந்து நின்றார். "முன்ன ஒரு தபா, ரோட்டுல அடிபட்டுக் கெடந்த ஒருத்தன ஆசுபத்திரிக்கித் தூக்கிக்கினு போனங்க. யாருன்னே தெரியாது. நீதான் இடிச்சியா, எங்கேர்ந்து வந்த, எதுக்கு வந்தன்னு மாசக்கணக்கா அலைய வுட்டாங்க. காடு வெதைக்காமப் பூட்ச்சி. வூட்டுக்காரி சண்ட. அதாங்க பயம். ஆனா அம்மாவ வுட்டுட முடியுங்களா?"

போனை அணைத்தது ஏன் என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை அவள் போய்விட்டாள். கண் திறக்கவே இல்லை. சடங்குகள் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது மகள் பேருந்துப் படியில் நின்று, "ஒரு தடவ போய்ப் பார்த்திருக்கலாமேப்பா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

பதினாறாம் நாள் காரியம் கழிந்த வாரம் மலைக்குப் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகளில் ஏறும்போது பேருந்தில் குளிர்ந்த காற்று அடித்தது. ஏட்டு சொன்னது சரி. காலையில் போனால் சாயங்காலம் திரும்பிவிடலாம். வருவதாகப் போனில் சொல்லியிருந்தேன், அந்த மலைக்காரர் முன்பு சொன்னபடியே நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். மரவள்ளிக் காட்டு வரப்பில் அரை மணி நேரம் நடந்து, அவருடைய வீட்டுக்குப் போனோம்.

அவருடைய மனைவி ஒல்லியான பெண். என்னைப் பார்த்ததும் அழுதார். பிறகு கேட்காமலேயே எல்லாவற்றையும் சொன்னார். அன்றைக்கு மழையில் என் மனைவி பேருந்திலிருந்து இறங்கி, எந்த வழியாகவோ நடந்து நேராக இவர்கள் வீட்டுக்குள் வந்து, அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாளாம்.

"யாருங்கன்னு கேட்டன். 'காப்பி இருக்குதா'ன்னுச்சி. எங்க வூட்ல ஏதுங்க காப்பி? கேவுரு கஞ்சி குடுத்தன், குடிச்சிட்டு எம் மடியிலயே தல வெச்சிப் படுத்துக்கிச்சி."

"உங்களுக்கு ஒரு சந்தேகமும் வரலையாம்மா? யாரோ என்னமோன்னு?"

"இன்னா சந்தேகங்க? நனஞ்சிக்கினு வந்துதே."

வந்த வேலை முடிந்தது என்று எழப்போனேன். கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஐயா, ஒண்ணு சொல்லணுங்க. நான் ஒரு பொய் சொல்லிட்டன்" என்றார்.

"என்ன பொய்?"

"ஒங்ககிட்ட இல்லிங்க, அம்மாகிட்ட. போன் பேசிட்டுப் பாறயவுட்டுக் கீய வந்தனா, அம்மா வாசல்ல நிக்குது. 'வராரா'ன்னு கேட்டுது. இன்னா சொல்றதுன்னு தெரியல. நாளைக்கி வராருன்னு சொல்லிப்புட்டன்."

அந்தப் பெண் தொடர்ந்தார். "மறுநா காத்தாலயே தலைய வாரி வுடுன்னு ஒக்காந்துக்கிச்சி. ரோட்டுக்கு இட்டுக்கினு போன்னுச்சி. பதினோரு மணி பஸ்ஸுக்குப் போயி நின்னோம். எறங்கறவங்கள எல்லாம் பாத்துச்சி. பஸ்ஸு பூட்ச்சி. 'ஆபீசுல வேல போலக்குது'ன்னுச்சி. மத்ததெல்லாம் மறந்துபூடும், இது மட்டும் மறக்கலிங்க. தெனமும் தல வாரணும், தெனமும் ரோட்டுக்குப் போவணும்."

"எத்தனை நாள்?"

"தூக்கிக்கினு வந்த நாளுக்கு மொத நாளு வரைக்கும்."

"மழையிலயுமா?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சாக்கப் போத்தி வுட்டுத்தாங்க இட்டுக்கினு போனன்" என்றார் அந்தப் பெண். "வேணாம்னா கொழந்தையாட்டம் அழுவுது."

"அதுலதான் காச்சல் புடிச்சிக்கிச்சி" என்றார் அவர். "நான் அந்தப் பொய்யச் சொல்லியிருக்கக் கூடாதுங்க ஐயா. வரமாட்டாருன்னு சொல்லியிருந்தா வூட்டுக்குள்ளயே இருந்திருக்கும். மனசுல வெச்சிக்காதீங்க."

என் வாழ்நாளில் ஆயிரம் பேருடைய வாக்குமூலத்தை எழுதி வாங்கியிருக்கிறேன். இதற்கு என் நோட்டில் கட்டம் இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கரடுமுரடான கை. உள்ளங்கை வியர்த்திருந்தது. என்னைப் பார்த்து இன்னும் பயந்துகொண்டிருந்தார்.

திரும்பும்போது அந்தப் பெண்ணும் சாலை வரை வந்தார். நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லாத இடம். ஒரு கல் கிடந்தது. அம்மா இதிலதாங்க ஒக்காந்துக்கினு இருக்கும் என்றார். நான் உட்காரவில்லை. சற்று நேரத்தில் பேருந்து வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். அந்தப் பெண் முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டு, இறங்கிய மூன்று பேருடைய முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.